அக்கா பாட்டுக்கு மென்பொருள் தேடிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் பழைய வழக்கப்படி கடைசி பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

போன ஆனி மாதம் நம் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்ய, கூடவே நாமே கொஞ்சம் இசை சேர்க்க, ஒன்றும் தெரியாத ஆளுக்கு எந்த மென்பொருள் நல்லது?" ஒரே ராத்திரியில் நாற்பது பதில் வந்தது. நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியபோது ஒரு கேள்விக்கு நாற்பது கை தூக்கியதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது பதிலும் நாற்பது திசை. "சார், ரஹ்மான் லாஜிக்தான் வச்சிருக்காரு, அதையே வாங்குங்க" என்றான் ஒருவன். "எஃப்எல் ஸ்டூடியோதான் சார் ஈஸி" என்றாள் பெங்களூரில் இருக்கும் ஒருத்தி. துபாயிலிருந்து ஒருவன், "கியூபேஸ் இல்லாம ஸ்டூடியோவே இல்ல" என்றான். இன்னொருவன் தனியாகக் கூப்பிட்டு, விலை உயர்ந்த ஒன்றின் திருட்டுப் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவன் பிட் அடித்து ஒருமுறை என்னிடம் மாட்டியவன்தான். மாறவே இல்லை.

எதற்காகக் கேட்டேன் என்று அப்போது நான் சொல்லவில்லை. அது என் தப்பு. கணக்கில் பாதியை மறைத்துவிட்டு விடை கேட்டால் எவன் சொல்வான்?

விஷயம் என் அக்கா. சொந்தங்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. அக்கா பன்னிரண்டு வயதில் நடவுக்குப் போனவள். நம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்று தண்ணீர் திறக்கும்போதெல்லாம் பேப்பரில் போடுவார்கள். அந்தக் கணக்கில் வரும் ஏக்கர்களில் எத்தனையோ அக்காவின் விரல் பட்டது. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் முதல் போகம், அப்புறம் இரண்டாம் போகம். இரண்டு போகத்துக் கூலியில்தான் நான் மதுரையில் பி.எஸ்சி. முடித்தேன். இதை மேடையில் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவின் கூட்டத்தில் எட்டுப் பேர். அக்காதான் முன்பாட்டு. அவள் ஒரு அடி எடுத்துக் கொடுப்பாள், மற்ற ஏழு பேரும் வாங்கிப் பாடுவார்கள். இப்போது நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் வராத வயலிலும் இடுப்பில் செருகிய செல்போன் பாடுகிறது. அக்காவுக்கு எழுபத்தாறு வயது. போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டார்கள் என்று ஒரு நடவுப் பாட்டை எடுத்தாள். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். மறந்துபோச்சு என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரிதான் முடிவு செய்தேன். பதிவு செய்ய வேண்டும், பின்னால் என் ஹார்மோனியத்தை வைக்க வேண்டும்.

ஹார்மோனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணைபுரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குள் பிறந்த எவனுக்கும் அந்தப் பெட்டியின் மேல் பிறப்புரிமை இருப்பதாக ஒரு நினைப்பு உண்டு. பாவலர் வரதராஜனும் தம்பிமாரும் கம்யூனிஸ்ட் மேடைகளில் அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடிய கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி'யோடு சினிமாவுக்குள் போனார், மற்றது உலகம் அறிந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தபோது "இளையராஜா கம்ப்யூட்டரை வச்சு மியூசிக் போட்டுட்டாராம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் என்றால் டைப்ரைட்டருக்கு அண்ணன் என்பதுதான் அன்றைக்கு எங்கள் அறிவு. நாற்பது வருடம் கழித்து அதே வேலையை என் மடிக்கணினி செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மார்கழி பஜனையில் பெட்டி வாசித்ததோடு சரி, எனக்கு வேறு இசை அறிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது நாலு ஜிபி ராம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப். அதனால் லாஜிக்கும் கராஜ்பேண்டும் முதலிலேயே கழிந்தன. அவை ஆப்பிளில் மட்டும்தான் ஓடும். லாஜிக்கைச் செய்துவந்தது இமேஜிக் என்ற ஜெர்மன் கம்பெனி. 2002-ல் ஆப்பிள் அதை வாங்கியது, விண்டோஸ் பதிப்பு அதோடு நின்றது. அதை நம்பி விண்டோஸில் வேலை செய்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி இன்னொரு கதையும் உண்டு. கேக்வாக் என்று ஒன்று, 1987-லிருந்து இருப்பது. 2017-ல் அதன் முதலாளியான கிப்சன் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அடுத்த வருடம் பேண்ட்லேப் என்ற சிங்கப்பூர்க் கம்பெனி வாங்கி இலவசமாகவே கொடுத்தது. மென்பொருள் நம் நிலம் இல்லை, குத்தகைதான். எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாது. ஆகவே எதில் வேலை செய்தாலும் ஒவ்வொரு குரலையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பை எதில் போட்டாலும் திறக்கும்.

பேண்ட்லேப் போனிலேயே, இல்லையென்றால் பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. பேத்தி அதில்தான் என்னவோ செய்கிறாள், நன்றாகவே இருக்கிறது. எனக்கு எங்கள் ஊர் இன்டர்நெட்டை நம்பி அக்கா குரலை ஒப்படைக்க மனம் வரவில்லை. எல்எம்எம்எஸ் என்று இன்னொரு இலவசம். தாளம் கட்ட, மெட்டுப் போட அருமை. நான் போட்ட பதிப்பில் மைக்கை வைத்துக் குரல் பதிய வழியே இல்லை! அரை நாள் தேடிவிட்டுத்தான் புரிந்தது. எஃப்எல் ஸ்டூடியோ 1997-ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்தில் பிறந்தது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புதுப்பதிப்பு இலவசம் என்பது அதில் பெரிய விஷயம். ஆனால் இருப்பதிலேயே விலை குறைந்த பதிப்பில் குரல் பதிவு கிடையாது, சோதனைப் பதிப்பில் சேமித்து வைத்ததை மறுபடி திறக்க முடியாது. வாங்கப் போகிறவர்கள் கவனித்து வாங்குங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகப் போட்டு, எடுத்து, யூடியூப் பார்த்து, நோட்டில் குறிப்பு எழுதி ஆனி போய் ஆடி வந்துவிட்டது. எனக்கும் ஒரு போதை ஏறிவிட்டது. பாட்டை விட்டுவிட்டுப் பட்டனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்காரம்மா, "உங்க அக்கா பாடுறதுக்குள்ள நீங்க இன்ஜினியரிங் முடிச்சிருவீங்க போல" என்றார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக, கணக்கு நோட்டு மாதிரி அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. வாத்தியார் புத்தி.

பதிவு நாளைத் தேர்ந்தெடுத்ததும் தப்பு. ஆடி மாதத்தில் நம் ஊரில் எவனாவது ஒலிப்பதிவு செய்வானா? மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்றுக்குத் தென்னை மரமே படுத்து எழுந்திருக்கும். கதவைச் சாத்தினால் ஜன்னல் விசில் அடிக்கிறது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கயிறு கட்டி, இரண்டு கம்பளிப் போர்வையும் வீட்டிலிருந்த பழைய பட்டுச் சேலைகளும் தொங்கவிட்டு, உள்ளே அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தேன். "என்னப்பா, சடங்கு சுத்துற பிள்ளைய உக்கார வச்ச மாதிரி வச்சிருக்க" என்றாள்.

காதில் மெட்ரோனோமைக் கொடுத்தேன். டிக் டிக் என்று அடிக்கும் தாளக் கருவிதான். அக்கா இரண்டு அடி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். "பல்லி கத்துது" என்றாள். சரி என்று அது இல்லாமலே பாடவைத்தேன். நாலு நிமிடப் பாட்டு. இந்தமுறை நிற்கவில்லை, முழுசாக வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம்தான் கெடுத்தேன். நான் வைக்கிற ஹார்மோனியமும் டோலக் சத்தமும் பாட்டோடு ஒட்ட வேண்டுமே? கட்டத்துக்குள் குரல் உட்காரவில்லை. ஒவ்வொரு அடியையும் வெட்டினேன். வெட்டிய துண்டை இழுத்து, நீட்டி, குறுக்கி, கோட்டுக்கு நேராக வைத்தேன். நடுநடுவே இருந்த சும்மா இடங்களை எடுத்துவிட்டேன். பதினோரு ராத்திரி. பேத்தி கேட்டுவிட்டு, "சூப்பர் தாத்தா, ரீல்ஸ் போடலாம்" என்றாள். அந்தப் பெருமையோடு அக்காவிடம் கொண்டுபோனேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாருப்பா இது?" என்றாள்.

"நீதான்க்கா."

"நா இல்ல. எங்கொரலுதான். ஆனா நா இல்ல. யாரோ பின்னால நாயி வெரட்டுன மாதிரில்ல ஓடுறா இவ. நாத்து முடி எடுக்கவே இல்லையே?"

எனக்கு முதலில் புரியவில்லை. அக்கா எழுந்து நின்று, குனிந்து, காட்டினாள். இடது கையில் நாற்று முடி. வலது கையால் நாலு நாலாகப் பிரித்து ஊன்றி ஊன்றிப் பின்னால் போக வேண்டும். ஒரு முடி தீர்ந்ததும் பின்னால் வீசிக் கிடக்கிற அடுத்த முடியை எட்டி எடுத்து, கட்டைப் பிரிக்க வேண்டும். அந்த நேரம் பாட்டு நிற்கும். முன்பாட்டுக்காரி முடி பிரிக்கிற நேரத்தில்தான் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் பாடி முடிப்பதற்குள் இவள் குனிந்துவிடுவாள். சேறு ஆழமாக இருந்தால் கால் பிடுங்க நேரமாகும், அடி நீளும். ஓரமாக மேட்டில் வந்தால் அடி சுருங்கும். எழுபத்தாறு வயதில் போர்வைக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து பாடும்போதும் அக்கா அந்த முடியை எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் 'சும்மா இடம்' என்று வெட்டி எறிந்தது மற்ற ஏழு பேருக்காக அவள் விட்டு வைத்த இடம்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளை, வெட்டுவதற்கு முன்னால் அசல் கோப்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கேக்வாக் கதை படித்த புண்ணியம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த மென்பொருள்களின் குலம் கோத்திரம் விளங்கியது. இரண்டு வம்சம். ஒன்று கட்டத்திலிருந்து பிறந்தது. முதலில் தாளத்தையும் வேகத்தையும் சொல், அதற்குள் ஒவ்வொன்றாக அடுக்கு என்பது. இதற்கு அடியில் இருப்பது மிடி என்ற ஏற்பாடு, 1983-ல் வந்தது. மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தமாக அமுக்கு என்ற குறிப்பு மட்டும்தான். சமையல் குறிப்பு மாதிரி. உப்பைக் கூட்டலாம், புளியைக் குறைக்கலாம், வேறு அடுப்பில் வைக்கலாம். இன்னொரு வம்சம் டேப் ரெக்கார்டரிலிருந்து வந்தது. பட்டனை அமுக்கு, என்ன கேட்கிறதோ அதை அப்படியே வினாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிக்கொள் என்பது. இது சமைத்து இறக்கிய குழம்பு. புளியை வெளியே எடுக்க முடியாது. இன்று பெரிய மென்பொருள்கள் எல்லாம் இரண்டையும் செய்யும். ஆனாலும் பிறந்த வீட்டுப் பழக்கம் போகாது. திறந்தவுடன் எது கண்ணில் படுகிறதோ, அதற்குத்தான் அது நம்மைப் பழக்கும். பேத்தி செய்கிற மாதிரி இசைக்குக் கட்டம்தான் சரி. அக்கா மாதிரி ஆளுக்கு டேப் வம்சம்தான் வேண்டும்.

ஆடாசிட்டி அந்த வம்சத்தில் எளிமையானது, 2000-லிருந்து இருக்கிறது, முழு இலவசம். குரல் பதிய, வெட்ட, இரைச்சல் குறைக்க மட்டும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். காற்றுச் சத்தத்தை அதில்தான் கொஞ்சம் குறைத்தேன். ரொம்பக் குறைத்தால் அக்கா தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிடுகிறது, அதனால் பாதிக் காற்றை விட்டுவிட்டேன். மென்பொருள் வாத்தியங்களை மிடி கீபோர்டில் வாசித்துச் சேர்க்க அதில் முடியாது என்பது ஒன்றுதான் குறை.

நான் வந்து உட்கார்ந்தது ரீப்பர் என்ற மென்பொருளில். முகம் பார்க்க லட்சணமாக இருக்காது, எங்கள் காலத்துத் தலைமை ஆசிரியர் அறை மாதிரி. ஆனால் என் லேப்டாப்பில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. அறுபது நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு 60 டாலர். கெடு முடிந்தும் அது பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போது ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். நாற்பதாவது நாளே கட்டிவிட்டேன். நம்பி விட்டிருப்பவனை ஏமாற்ற மனசு வராது. கட்டத்தை அணைக்க ஒரு பட்டன், மெட்ரோனோமை அணைக்க ஒரு பட்டன். இரண்டையும் அணைத்தேன். வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த பாடம் தாமதம். ஹெட்போனில் அக்காவைக் கேட்டுக்கொண்டே நான் ஹார்மோனியம் வாசித்துப் பதிந்தேன். திரும்பப் போட்டால் நான் எல்லா இடத்திலும் பிந்தி வருகிறேன். வயசாகிவிட்டது, விரல் ஓடவில்லை என்று மனசு உடைந்துபோனேன். மூன்று நாள் சாதகம் செய்தேன். அப்படியேதான் வந்தது. நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், ஒன்பதாம் வகுப்பு ஒலியியல்தான். நான் மாட்டியிருந்தது பேரன் கொடுத்த புளூடூத் ஹெட்போன். அது சத்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பி, அங்கே பிரித்துக் கொடுக்க வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும் என்றால் என்ன கணக்கு? அக்கா 68 மீட்டருக்கு அந்தப்பக்கம் நின்று பாட, நான் இந்தப்பக்க வரப்பில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. ஒயர் ஹெட்போன், முந்நூறு ரூபாய், சின்னமனூரில் வாங்கினேன். விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு தாமதம் வைக்கும். அதற்கு ஏசியோ4ஆல் என்று இலவச டிரைவர் ஒன்று இருக்கிறது. போட்டதும் அக்கா பக்கத்தில் வந்துவிட்டாள். மூன்று நாள் சாதகம் வீண் போகவில்லை, விரல் நன்றாக ஓடியது.

அப்புறம் சுருதி. இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா எந்தக் கட்டையிலும் இல்லை. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்கிறாள். நூறு பங்கில் சொன்னால் ஐந்துக்கு மேல் நாற்பது பங்கு. இந்தப் பங்குக்கு சென்ட் என்று பெயர். ஹார்மோனியத்தில் அந்த இடம் இல்லவே இல்லை. இந்தக் குறைக்காகத்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஹார்மோனியத்தையே விலக்கி வைத்தது. நம் சுருதிக்கும் கமகத்துக்கும் ஒத்துவராது என்று. 1971 வரை அந்தத் தடை இருந்தது. பண்ணைபுரத்துப் பக்கத்துக்காரன் என்கிற ரோஷத்தில் இந்தத் தடையை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ராத்திரி, தடை போட்டவர்கள் காதிலும் ஒரு நியாயம் இருந்ததை ஒப்புக்கொண்டேன்.

அக்கா குரலை இழுத்து ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது, ஒரு எண்ணைத் தட்டினால் போதும். ஒருமுறை வெட்டிப் பட்டவன், அவள் குரலில் இனி கை வைப்பதில்லை என்று இருந்தேன். அதனால் சுற்றி வந்தேன். அக்கா குரலுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலை மட்டும் நாற்பது சென்ட் இறக்கினேன். அதைக் காதில் கேட்டுக்கொண்டு ஐந்து கட்டையில் பெட்டியை வாசித்துப் பதிந்தேன். பிறகு நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பெட்டியை நாற்பது சென்ட் ஏற்றி அக்காவின் அசல் குரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிவில் அக்கா இன்னும் கொஞ்சம் மேலே போய்விடுகிறாள், உற்சாகத்தில். அந்த இடத்தில் பெட்டியைத் துண்டாக்கி இன்னும் பத்து சென்ட் ஏற்றினேன். ஐம்பது வருடமாகப் பெட்டி வாசிக்கிறேன், பெட்டி ஒரு ஆளுக்காக வளைந்து கொடுத்ததை அன்றுதான் கேட்டேன்.

டோலக்கை எடுத்துவிட்டேன். வயலில் ஏது டோலக்?

மறுபடி அக்காவிடம் கொண்டுபோனேன், பயந்துகொண்டே. கேட்டாள். இந்தமுறை முடி எடுக்கிற இடங்களில் அவள் இடது கை தானாக மடியில் அசைந்தது. முடிந்ததும், "பெட்டி நல்லாருக்கு. கொஞ்சம் பைய வாசி" என்றாள். சத்தம் குறை என்று அர்த்தம். குறைத்தேன். பிறகு, "நா மட்டும் பாடிக்கிட்டே இருக்கேனே, மத்தவளுக எங்க?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எட்டுப் பேரில் இப்போது இருப்பது அக்காவைச் சேர்த்து மூன்று பேர். ஒருத்தர் மகளோடு திருப்பூரில், இன்னொருத்தர் கோம்பையில். மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது இனி நடக்கிற காரியம் இல்லை. கோம்பைக்காரருக்கு முட்டி எழும்பாது.

ஆனால் தனித்தனிக் கோடாகப் பதிகிற மென்பொருள் எதற்கு இருக்கிறது? அக்கா பாட்டின் தொடக்கத்தில் மூன்று கைதட்டுச் சேர்த்தேன். அதைத் திருப்பூருக்கு அனுப்பினேன். அந்த அக்கா பேரனின் ஒரு போனில், ஒயர் வைத்த இயர்போனை ஒரு காதில் மாட்டி எங்கள் அக்காவைக் கேட்டுக்கொண்டே, கைதட்டு வரும்போது தானும் தட்டி, வாங்கிப் பாட வேண்டும். இன்னொரு போனில் அந்தப் பையன் பதிவு செய்ய வேண்டும். முதல் தடவை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினான், தகர டப்பாவுக்குள் பாடுவது மாதிரி நசுங்கி வந்தது. வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பு, அப்போதுதான் நசுக்காமல் அனுப்பும் என்று சொல்லி மறுபடி வாங்கினேன். (இது எல்லாருக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.) கைதட்டோடு கைதட்டை நேராக வைத்தேன். திருப்பூர்த் தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிறது, அதற்கு மேலே அந்தக் குரல். அக்கா விட்டு வைத்திருந்த இடத்தில் சரியாக வந்து விழுந்தது. நான் வெட்டி எறியப் பார்த்த அதே இடம்.

வயசானவர் குரல், நடுங்கத்தான் செய்கிறது. குரலைத் திருத்துகிற பட்டன் ஒன்று இருக்கிறது, பேத்தி காட்டினாள். வேண்டாம் என்றேன்.

அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "அடியே" என்றாள், லேப்டாப்பைப் பார்த்து. அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து பாடி இருபது வருடம் இருக்குமாம். அப்புறம் போன் போடச் சொன்னாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் மருமகள் விவகாரம். ஆனால் வைக்கிறபோது திருப்பூர் அக்கா, அந்தப் பாட்டில் இன்னும் இரண்டு அடி இருக்கிறது, உங்க அக்கா விட்டுட்டா என்று எனக்குச் சொல்லச் சொன்னாராம். பாடியும் காட்டியிருக்கிறார் போனில். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அது வேற பாட்டு என்கிறாள். இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறேன், தீர்ப்பு கோம்பையில்.

சரி, நாற்பது பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். லாஜிக் சொன்னவனும் தப்பில்லை, எஃப்எல் சொன்னவளும் தப்பில்லை, என் கேள்விதான் அரைகுறை. இனி யாராவது கேட்டால், யார் பாடப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். நீங்களே தாளம் கட்டி மெட்டுப் போடப் போகிறீர்கள் என்றால் பேத்தியிடம் போங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். வீட்டில் ஒரு பெரியவர் பாடுகிறார், அவ்வளவுதான் என்றால் இன்றைக்கு ராத்திரியே போனை எடுத்துப் பதிந்துவிடுங்கள், மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃபேனை அணைத்துவிட்டு, போனை அவர்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்து. நான் ஆனி, ஆடி இரண்டு மாதம் பட்டன் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குள் இன்னொரு பாட்டில் பாதியை மறந்திருந்தாள். அது இனி கோம்பைக்காரருக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

பொங்கல் கழிந்த முதல் வியாழக்கிழமை கோம்பை போகிறேன். லேப்டாப், ஒயர் ஹெட்போன், இரண்டு கம்பளி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. அக்காவும் வருகிறேன் என்கிறாள். உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் கார் வைத்திருக்கும் மாணவன் யாராவது இருந்தால் தனியாகச் சொல்லவும். பஸ்ஸில் அக்காவுக்கு இடுப்பு தாங்காது. பென்டிரைவ்காரன் மட்டும் வேண்டாம்.